பழைய பிக்கப் வண்டியின் கிளட்ச்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு லோடு ஏற்றிவரும் பிக்கப் வண்டிகளைப் பல வருடங்களாகப் பழுது பார்த்துவருகிறேன். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை பத்து, பதினைந்து வருடம் ஓடியவை. டீசல் என்ஜினும் கையால் மாற்றும் கியரும் பின் சக்கர இழுவையும் கொண்டவை. கிளட்ச் பற்றி ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் கேட்கும் சந்தேகங்கள் வருடா வருடம் மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றினால் ஒரு நாள் வாடகை போய்விடும், கூலியும் சேரும். அதனால் இறக்காமலே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம் என்பதில்தான் அதிகக் கவனம் செலுத்தியிருக்கிறேன்.

கிளட்ச்னா உள்ள என்னதாங்க இருக்கு? பிளேட்டு மட்டும்தானே?

பிளேட் நடுவில் இருப்பது. அதன் ஒருபுறம் என்ஜினோடு சேர்ந்து சுற்றும் பிளைவீல். மறுபுறம் அந்தப் பிளைவீலிலேயே போல்ட் போட்டு இறுக்கிய பிரஷர் பிளேட். பிரஷர் பிளேட்டில் உள்ள வட்டமான ஸ்பிரிங், இரண்டு பக்கமும் லைனிங் (உராய்ந்து பிடிக்கும் படலம்) உள்ள கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பதால்தான் என்ஜினின் சுற்று கியர்பாக்ஸுக்குப் போகிறது. நீங்கள் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கின் நடுவில் விரல்போல் நீண்டிருக்கும் ஃபிங்கர்களை உள்ளே தள்ளுகிறது, பிடி விடுபடுகிறது. ஆக, மிதிக்காதபோது பிடித்திருப்பதுதான் கிளட்சின் இயல்பு நிலை.

பெடலுக்கும் ரிலீஸ் பேரிங்குக்கும் இடையில் சில வண்டிகளில் கேபிள் இருக்கும். மற்றவை ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வண்டிகள்; அவற்றில் மேலே பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், அதற்கு ஆயில் தரும் டப்பா, கீழே கியர்பாக்ஸ் ஓரத்தில் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் ஒரு பைப்பும் ஹோஸும் இருக்கும். இந்த வெளிப்பகுதி முழுவதையும் கியர்பாக்ஸைத் தொடாமலே பார்த்துவிடலாம்.

மெக்கானிக் ‘கிளட்ச் போயிடுச்சு’ங்கறார். அப்படின்னா என்ன அர்த்தம்?

அந்த ஒரு சொல்லில் இரண்டு எதிரெதிர் நோய்கள் அடங்கியிருக்கின்றன. பிடிக்க வேண்டிய நேரத்தில் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கினால் அது ஸ்லிப். விட வேண்டிய நேரத்தில் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கியர் விழாது, ரிவர்ஸ் கரகரக்கும். ஸ்லிப்புக்குக் காரணம் பெரும்பாலும் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு உள்ளே இருக்கும். விடாமல் ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளியே, பெடலுக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கும் இடையில் இருக்கும். இரண்டில் எது என்று சொல்லாமல் புது செட் வாங்கிவரச் சொல்பவரிடம் ‘ஸ்லிப் ஆகுதா, விடமாட்டேங்குதா?’ என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்லிப் ஆகுதான்னு நானே எப்படிங்க பார்க்கறது?

லோடு இல்லாத வண்டியில் லேசான ஸ்லிப் தெரியாது. பாதி லோடாவது இருக்க வேண்டும். சமமான, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். என்ஜின் சத்தம் மட்டும் சட்டென்று உயர்ந்து, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் ஸ்லிப்தான். பழைய பிக்கப்களில் என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் இருக்காது என்பதால் காதைத்தான் நம்ப வேண்டும். ஏற்றத்தில் இதைச் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நின்ற இடத்திலேயே செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டிக்கு முன்னே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மூன்றாவது கியரில் போட்டு, பிரேக்கையும் மிதித்தபடி கிளட்சை நிதானமாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் பிடி இல்லை. ஒரு முறை செய்தால் போதும்; மூன்று, நான்கு முறை செய்து பார்ப்பவர்கள், மிச்சமிருந்த லைனிங்கையும் அந்தச் சோதனையிலேயே எரித்துவிடுகிறார்கள்.

பெடல் ரொம்ப மேல வந்துதான் பிடிக்குது. பிளேட் தேஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?

கேபிள் வண்டியில் பெரும்பாலும் ஆம், ஆனால் அதற்கு முன் கேபிளின் பிளேயை, அதாவது இறுக்கம் தொடங்குமுன் உள்ள தளர்வைப் பாருங்கள். லைனிங் தேயத் தேய பிரஷர் பிளேட் பிளைவீலை நோக்கி நகர்கிறது. அதனால் ஸ்பிரிங்கின் ஃபிங்கர்கள் எதிர்ப்பக்கமாக, ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வருகின்றன. பெடலில் இருந்த பிளே இப்படித்தான் தானாகக் குறைகிறது. ஒரு கட்டத்தில் பிளே முழுக்கப் போய், நீங்கள் மிதிக்காதபோதும் பேரிங் ஃபிங்கர்களை அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போது லைனிங்கில் உயிர் மீதியிருந்தாலும் கிளட்ச் வழுக்கும். கேபிளின் நட்டைத் திருப்பிச் சரியான பிளே கொடுத்த பிறகும் வழுக்கினால்தான் பிளேட்டைக் குறை சொல்ல வேண்டும். பெடலின் நுனியில் ஏறக்குறைய 15 முதல் 25 மி.மீ. வரை பிளே வைப்பது பல வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

ஹைட்ராலிக் வண்டியில் பிளேட் தேய்ந்தாலும் ஸ்லேவ் பிஸ்டன் தன்னிடத்தைத் தானே சரிசெய்துகொள்வதால், பிடிக்கும் இடம் அவ்வளவாக மாறாது. அங்கே பெடல் தரைக்கு மிக அருகில் வந்து பிடித்தால், பிளேட்டை விட்டுவிட்டு ஆயிலையும் காற்றையும் சந்தேகியுங்கள்.

ரிவர்ஸ் போட்டா கரகரங்குது, முதல் கியர் விழறதுக்குள்ள கை வலிக்குது. கிளட்சா, கியர்பாக்ஸா?

என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அணைந்திருக்கும்போது வழவழவென்று விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுக்க விடவில்லை. அணைந்திருக்கும்போதும் கடினமாக இருந்தால் கியர் லிவரின் இணைப்புகளையோ கியர்பாக்ஸையோ பார்க்க வேண்டும். இரண்டாவது கியர் ஒன்று மட்டும் உரசி, மற்றவை ஒழுங்காக விழுந்தால் அது, கியர் உரசாமல் விழுவதற்காகச் சுற்று வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ ரிங்கின் தேய்மானம். அதற்குக் கிளட்ச் மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

ரிவர்ஸ் ஒரு நல்ல அளவுகோல். பல பழைய கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. என்ஜின் ஐடிலில் ஓடும்போது கிளட்சை முழுக்க மிதித்து, நான்கைந்து விநாடி காத்திருந்து பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அதற்குள் கியர்பாக்ஸின் உள் ஷாஃப்ட் சுற்றி ஓய்ந்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுத்தும் கரகரத்தால் பிளேட் இன்னும் எங்கோ உரசிக்கொண்டிருக்கிறது.

ரெண்டு மூணு தடவை மிதிச்சா கியர் அழகா விழுது. ஒரு தடவை மிதிச்சா விழ மாட்டேங்குது.

இந்த அறிகுறியோடு வரும் வண்டியின் கியர்பாக்ஸை இறக்குவது பாவம். மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது சரியாகிறது என்றால், குழாயில் காற்று இருக்கிறது அல்லது மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களில் ஒன்றின் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. பெடலை மிதித்து அப்படியே அரை நிமிடம் பிடித்திருங்கள். வெளியில் எங்கும் கசிவில்லாமல், முதல் கியரில் நிற்கும் வண்டி மெல்ல நகர ஆரம்பித்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் வாஷரைத் தாண்டிப் பின்னால் போகிறது.

அடுத்து, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, கீழே ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு என்ஜின் அணைந்திருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கம்பி ஒரு சென்டிமீட்டருக்கு மேலாவது நகர வேண்டும். கம்பி நன்றாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் கோளாறு உள்ளே இருக்கிறது. சரியாக நகரவில்லை என்றால் வெளியே. என் பட்டறையில் கியர்பாக்ஸ் போல்ட்டில் ஸ்பானர் வைப்பதற்கு முன் இந்த அளவை எடுக்காமல் யாரையும் விடுவதில்லை.

டப்பால ஆயில் குறைஞ்சுக்கிட்டே போகுது. ஆனா தரையில ஒரு சொட்டுகூட இல்லீங்களே?

ஓட்டுநரின் காலடியில் விரித்திருக்கும் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின் வாஷர் போனால் ஆயில் தள்ளுகம்பி வழியாகக் கேபினுக்குள் இறங்கி, பெடலுக்குப் பின்னுள்ள தகரத்தில் பெயின்டை உரித்துவிடும். அந்த உரிந்த கோடே சாட்சி. அங்கே இல்லை என்றால் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உறைக்குள் ஆயில் தேங்கியிருக்கும், தூசி அதை உறிஞ்சிக்கொள்வதால் தரைக்கு வராது. சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான்; அவற்றில் கசிவு பிரேக் பக்கமும் இருக்கலாம் என்பதால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

பிளீடிங் பண்ணிட்டோம், இன்னும் காத்து போகலை.

பிளீடிங் என்பது குழாயில் உள்ள காற்றை ஆயிலோடு சேர்த்து வெளியேற்றுவது. முதலில், அது வெளியேறும் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிள் எந்தத் திசையில் நிற்கிறது என்று பாருங்கள். கழற்றி மாட்டும்போது சிலிண்டர் தவறாகத் திரும்பி, நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிட்டால், காற்று மேலேயே தங்கிவிடும். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் பயனில்லை. அடுத்தது பழைய ரப்பர் ஹோஸ். மிதிக்கும்போது அதைக் கையால் பிடித்துப் பாருங்கள். பலூன் மாதிரி உப்பினால், பெடலின் உழைப்பு ஸ்லேவுக்குப் போகாமல் ஹோஸிலேயே செலவாகிறது. இதைக் காற்று என்று தவறாக எண்ணிப் பாதி நாள் பிளீடிங் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் நானும் ஒருவன்.

பிரேக் ஆயில் தீர்ந்துபோச்சு. அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊத்தலாமா?

கூடாது. என்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில், டீசல் எதுவானாலும் உள்ளே இருக்கும் ரப்பரை ஊதவைத்துவிடும். அதன் பிறகு இரண்டு சிலிண்டரின் வாஷர்களையும் ஹோஸையும் மாற்ற வேண்டிவரும். டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஈரமேறிய ஆயில் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்க வைத்து, அந்தச் சொரசொரப்பே புது வாஷரையும் அறுக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது. திறந்து பல மாதமான பாட்டிலில் மிஞ்சியதை ஊற்ற வேண்டாம்.

உள்ளேயிருந்து சத்தம் வருது. மிதிச்சா ஒரு மாதிரி, விட்டா ஒரு மாதிரி.

சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் விடை. வண்டி நியூட்ரலில், என்ஜின் ஐடிலில், கால் பெடலில் இல்லாதபோது ஹும் என்ற சத்தம் வந்து, முழுக்க மிதித்ததும் நின்றுபோனால் அது கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங். கிளட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெடலை லேசாகத் தொட்டதும் கிறீச்சென்று ஆரம்பித்து, மிதிக்க மிதிக்கக் கூடினால் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்து, கியரில் போட்டு வண்டி நிற்கும்போது மட்டும் கத்தினால் பிளைவீலின் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் அந்த நிலையில்தான் பிளைவீல் சுற்ற, ஷாஃப்ட் சுற்றாமல் நிற்கிறது.

ஐடிலில் கடகடவென்று தட்டும் சத்தம், கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள சிறு ஸ்பிரிங்குகள் உடைந்தோ தளர்ந்தோ ஆடுவதாலும் வரலாம். டீசல் என்ஜினின் இயல்பான தட்டலோடு இது கலந்துவிடுவதால், பெடலை மிதித்தும் விட்டும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும்.

வண்டி எடுக்கறப்ப தூக்கித் தூக்கிப் போடுது. லோடு இருந்தா தக்காளிப் பெட்டியே சாயுது.

இதில் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் பாதிக்குப் பாதி கிளட்சின் குற்றமாக இருப்பதில்லை. என்ஜின் மவுண்டிங் ரப்பர், கியர்பாக்ஸ் மவுண்டிங், பின் சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (மடங்கும் இணைப்பு), அதன் நடு பேரிங், பின் பட்டை ஸ்பிரிங்கின் யு போல்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். மவுண்டிங் ரப்பரைச் சோதிக்க, போனட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை இறுக மிதித்தபடி முதல் கியரில் கிளட்சை லேசாக விடட்டும்; நீங்கள் வண்டிக்கு முன்னே நிற்காமல் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். என்ஜின் அளவுக்கு மீறி எழும்பினால் ரப்பர் பிய்ந்திருக்கிறது.

அவை எல்லாம் சரி என்றால், லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம் அல்லது பிளைவீலின் முகம் சூட்டில் நீலம் பாய்ந்து மேடுபள்ளமாகியிருக்கலாம். பெல் ஹவுசிங்கின் அடியில் பெரும்பாலும் ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஈரம் இருந்தால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கறுப்பாக இருந்தால் என்ஜினின் பின் ஆயில் சீல். கந்தக வாடை குப்பென்று அடித்தால் கியர்பாக்ஸின் முன் சீல். இறக்கும் முன்பே எந்த சீலை வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பாச்சலூர் மலை ஏறினா மட்டும் கருகின வாடை. கீழ வந்தா சரியாயிடுது.

லோடோடு கொண்டை ஊசி வளைவில் பாதிக் கிளட்சில் வண்டியைத் தொங்கவிடுவதுதான் முதல் காரணம். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்து, கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட வேண்டும். ஏற்றத்தில் நிற்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஹேண்ட் பிரேக்கின் வேலை. வாடை வந்துவிட்டால் ஓரங்கட்டி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, கிளட்சைத் தொடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஒழுங்காக ஓட்டியும் வாடை வருகிறது என்றால் மேலே சொன்ன ஸ்லிப் சோதனையைச் செய்துபாருங்கள். கீழே இறங்கியதும் சரியாகிறது என்பது ஆறுதல் இல்லை. சமதரையில் அந்தக் கிளட்சுக்கு வேலையே குறைவு.

மழைக்காலம் பூரா நின்ன வண்டி. கிளட்சை முழுசா மிதிச்சாலும் கியர்ல ஸ்டார்ட் பண்ணினா தாவுது.

பிளைவீல் துருப்பிடித்து, லைனிங் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தள்ளுகம்பி சரியாக நகர்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். நகர்ந்தால், நியூட்ரலில் என்ஜினை நன்றாகச் சூடேற்றி, அணைத்துவிட்டு, எதிரே நீண்ட காலி இடம் உள்ள மைதானத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தும் சட்டென்று விட்டும் ஓட்டுங்கள். அந்தக் குலுக்கலில் பெரும்பாலும் பிரிந்துவிடும். சாவி எப்போதும் கைக்கெட்டும் நிலையில் இருக்கட்டும். தெருவிலோ வீட்டு வாசலிலோ இதைச் செய்யவே கூடாது.

புது செட் போட்டு மூணு மாசம்தான். திரும்ப ஸ்லிப் ஆகுது. கடைக்காரர் டூப்ளிகேட் குடுத்துட்டாரா?

இருக்கலாம், ஆனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் பழைய காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால் புது லைனிங்கும் நனைந்திருக்கும். பிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் சீவாமல் போட்டிருந்தால், புது பிளேட் மேடுகளில் மட்டும் உட்கார்ந்து எரிந்திருக்கும். ஓட்டுநர் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கமுள்ளவராக இருந்தால் எந்த கம்பெனியின் பிளேட்டும் தாங்காது.

இன்னொரு காரணத்தைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் நுண்துளை அழுக்கால் அடைபட்டாலோ, தள்ளுகம்பியில் பிளேயே இல்லாமல் வைத்திருந்தாலோ, காலை எடுத்த பிறகும் குழாயில் அழுத்தம் தங்கிவிடும். வண்டி வழுக்கும் நேரத்தில் நிறுத்தி, ஸ்லேவ் நிப்பிளைச் சற்றுத் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து, உடனே கிளட்ச் பிடித்துக்கொண்டால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர்தான்.

கியர்பாக்ஸ் இறக்கியாச்சு. எதையெல்லாம் மாத்தணும்?

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பைலட் பேரிங்கின் விலை மிகக் குறைவு என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லைனிங் ரிவெட் தலைக்கு மேல் 0.3 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால் முடிந்தது என்பது பல கையேடுகளில் காணும் அளவு. ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கில் விரிசல், அது உட்காரும் குமிழின் தேய்மானம், ஷாஃப்டின் ஸ்பிளைன்களில் (பிளேட் நகரும் பல்வரிகளில்) துரு ஆகியவற்றையும் பாருங்கள். உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எல்லாமே புதுசு. பிளேட், மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் எல்லாம் மாத்தியாச்சு. அப்பவும் கியர் விழலைன்னா?

பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்பது முதல் கேள்வி. நடுப்பகுதியின் மேடான பக்கம் பிளைவீல் பக்கம் வந்துவிட்டால் அது பிளைவீல் போல்ட்டுகளில் முட்டி நிற்கும், எவ்வளவு மிதித்தாலும் விடாது. அடுத்தது, பைலட் பேரிங் இறுகிப்போய் ஷாஃப்டைத் தன்னோடு இழுத்துச் சுற்றுவது. லேத்தில் பிளைவீலை அளவுக்கு மீறிச் சீவியிருந்தாலும், பெட்டியில் வந்த ரிலீஸ் பேரிங் பழையதைவிட உயரம் குறைவாக இருந்தாலும், ஃபிங்கர்களுக்குப் போதிய தள்ளல் கிடைக்காது. புதியதையும் பழையதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுவது இரண்டு நிமிட வேலை.

இவை எதுவும் இல்லாமல் ஒரு வண்டி என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. தள்ளுகம்பியின் நகர்வு மட்டும் குறைவாகவே இருந்தது. மாஸ்டரை இரண்டு முறை மாற்றியும் அதே கதை. கடைசியில் பையனைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, போனட்டுக்குள் மாஸ்டர் சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மிதிக்கும் சிலிண்டர் தகரத்தோடு சேர்ந்து முன்னால் போய்த் திரும்பியது. மிதியடிக்குப் பின்னால், பெடல் பிராக்கெட்டைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்குத் தகரம் கிழிந்திருந்தது. பட்டை வைத்து வெல்டிங் செய்ததும் கியர் விழுந்தது.